சட்ட மாணவர்களுக்குத் தடயவியல்: புதிதாகப் பாடம் எடுக்க வருபவருக்கு ஒரு வழிகாட்டி

சட்டக் கல்லூரியில் தடயவியல் எடுக்க முதன்முதலாக என்னைக் கூப்பிட்டபோது, எனக்குத் தெரிந்த வேதியியல் முழுவதையும் மாணவர்கள் தலையில் கொட்டினேன். டிஎன்ஏவை எப்படிப் பெருக்குகிறார்கள், நிறமாலைமானி எப்படி வேலை செய்கிறது என்று பலகை நிறைய எழுதினேன். அவர்களும் சலிக்காமல் குறிப்பெடுத்தார்கள். தேர்வையும் நன்றாகவே எழுதினார்கள். கடைசி வகுப்பில் ஒரு பக்க ஆய்வறிக்கையைக் கையில் கொடுத்து, "சட்டையில் இருந்தது மனித ரத்தமா?" என்று கேட்டேன். ஏறக்குறைய எல்லோரும் "ஆமாம் சார்" என்றார்கள். அறிக்கையில் அப்படி ஒரு வரியே கிடையாது. "ரத்தத்துக்கான முதற்கட்டச் சோதனையில் நிறம் மாறியது" என்பதோடு அது நின்றிருந்தது.

அந்தப் பருவம் முழுவதையும் வீணாக்கிவிட்டேன் என்று அன்றைக்குப் புரிந்தது. நாளைக்கு வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் உட்காரப் போகிறவர்கள் சோதனைக் குழாயைத் தொடப் போவதில்லை. அவர்கள் மேசைக்கு வருவது காகிதம். அந்தக் காகிதம் என்ன சொல்கிறது, எந்த இடத்தில் சொல்லாமல் நிறுத்திக்கொள்கிறது என்று படிக்கத் தெரிந்தால் போதும். பிறகு பாடத்தை அதைச் சுற்றியே திருப்பி அமைத்தேன். நீங்கள் இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் கீழே உள்ள வரிசை உங்களுக்குப் பயன்படும்.

படி 1: எதை விடுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கிடைப்பது ஒரு பருவம்தான். விரல்ரேகை, டிஎன்ஏ, நச்சுயியல், துப்பாக்கி, கையெழுத்து, தீ, எலும்பு, கைப்பேசி என்று எல்லாவற்றையும் தொட நினைத்தால் எதுவும் தங்காது. ஐந்தாறு துறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் இதே நான்கு கேள்விகளை வைத்துப் பாடம் தயாரியுங்கள்: எதைப் பார்த்தார்கள்? எதோடு ஒப்பிட்டார்கள்? இந்த முறை எவ்வளவு அடிக்கடி தவறும்? கிடைத்த முடிவுக்கு வேறு விளக்கம் உண்டா? இந்த நான்குக்கும் பதில் சொல்லத் தேவையான அறிவியல் மட்டும் உள்ளே வரட்டும்.

கொடூரமான பிணக்கூறாய்வுப் படங்களை முதல் நாளே திரையில் போட்டு மாணவர்களை உலுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். படத்தில் இருப்பவர் யாரோ ஒருவரின் பிள்ளை. பார்க்கிற மாணவர்களில் வீட்டிலேயே அப்படி ஒரு சாவைக் கண்டவரும் இருக்கலாம். காயத்தைப் பற்றிப் பேச வரைபடமே போதும். படம் கட்டாயம் தேவை என்றால் முன்கூட்டியே சொல்லி, விரும்பாதவர் வெளியே இருக்க வழிவிடுங்கள்.

படி 2: முதல் வகுப்பிலேயே ஓர் அறிக்கையைக் கையில் கொடுங்கள்

முடிந்துபோன வழக்குகளின் ஆய்வறிக்கைகள் நான்கைந்து தேடி வையுங்கள். பெயர், ஊர், வழக்கு எண் எல்லாவற்றையும் மை பூசி மறைத்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் அதே நடையில் நீங்களே எழுதலாம். ஆனால் கற்பனை அறிக்கை என்று தலைப்பிலேயே குறிப்பிடுங்கள்.

மாணவர்களிடம் இரண்டு நிறப் பேனா இருக்கட்டும். ஆய்வாளர் பார்த்ததும் அளந்ததும் நீலத்தில். அதிலிருந்து அவர் எடுத்த முடிவு சிவப்பில். முதல் பத்து நிமிடம் வகுப்பில் சண்டையே வரும். "ஒத்துப்போகிறது" என்பது நீலமா, சிவப்பா? "விலக்க முடியவில்லை" என்பது? "இவருடையதுதான்" என்பது? அந்தச் சண்டையை வளர விடுங்கள். பாதி வழக்குகளின் உயிர்நாடி இந்தச் சொற்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்று காட்ட ஒரு செய்தி உண்டு. அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, நுண்ணோக்கியில் தலைமுடியை ஒப்பிட்டுத் தன் ஆய்வாளர்கள் சொன்ன பழைய சாட்சியங்களைத் திரும்பப் பார்த்து 2015இல் முடிவை வெளியிட்டது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக விசாரணையில் சாட்சி சொன்ன 268 வழக்குகளில் 257இல் அறிவியல் தாங்காத கூற்றுகள் இருந்தன. ஆய்வாளர்கள் பொய் சொல்லத் துணிந்தார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. "ஒத்திருக்கிறது" என்று நிறுத்தவேண்டிய இடத்தைத் தாண்டிப் பேசிவிட்டார்கள். எதிரே உட்கார்ந்திருந்த வழக்கறிஞருக்கும் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. என் மனதை இன்றும் அரிப்பது இந்த இரண்டாவது பாதிதான். அது நம் பாடத்தின் பொறுப்பு.

படி 3: முதற்கட்டச் சோதனையையும் உறுதிச் சோதனையையும் பிரித்துக் காட்டுங்கள்

இதற்கு ஒரு வகுப்பு போதும், ஆனால் விட்டுவிடக் கூடாது. லூமினால் என்ற வேதிப்பொருளைத் தெளித்தால் ரத்தம் இருட்டில் நீலமாக ஒளிரும். செம்பு பட்டாலும் ஒளிரும். வெளுப்பான் பட்டாலும் ஒளிரும். ஆகவே அது "இங்கே தேடு" என்று கைகாட்டும் சோதனை. ரத்தம்தானா, மனித ரத்தமா, யாருடைய ரத்தம் என்பவை மூன்று தனிக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை உண்டு. போதைப்பொருளிலும் இதே கதைதான். களத்தில் நிறம் மாறுவது ஒன்று. ஆய்வகக் கருவியில் மூலக்கூறை அடையாளம் காண்பது வேறொன்று.

ஆஸ்திரேலியாவில் 1980இல் ஒரு கைக்குழந்தை காணாமல் போனது. காட்டுநாய் தூக்கிப் போனது என்று தாய் சொன்னார். குடும்பத்தின் காரில் பச்சிளங்குழந்தையின் ரத்தம் இருந்ததாக நிபுணர் சாட்சியம் சொன்னார். 1982இல் தாய்க்கு ஆயுள் தண்டனை. ரத்தத் தெறிப்பு என்று காட்டப்பட்டது, ஓசையைக் குறைக்கக் கார் தயாரிப்பின்போது தெளித்த பூச்சு என்று பின்னர் தெரிந்தது. 1988இல் தீர்ப்பு ரத்தானது. காட்டுநாய்தான் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி முடிவு சொல்ல 2012 ஆகிவிட்டது. இதைச் சொல்லி முடித்ததும் வகுப்பில் அமைதி விழும். அந்த அமைதியிலேயே அறிக்கையைத் திரும்ப எடுத்து, முதல் வகுப்பில் நீலம் போட்ட வரிகளை மறுபடி படிக்கச் சொல்லுங்கள்.

படி 4: சுண்ணக்கட்டிப் பொடியில் ஒரு பயிற்சி

ஒரு தொடுகை ஒரு தடயத்தை விட்டுச் செல்லும் என்ற கருத்தை எட்மண்ட் லொக்கார்டு என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். 1910இல் லியோன் நகரில் காவல்துறைக்காக ஆய்வகம் தொடங்கியவர் அவர். மாணவர்கள் இதை மிக எளிதாக ஏற்றுக்கொள்வார்கள். அதில்தான் ஆபத்து. தடயம் இருந்தால் ஆளும் அங்கே இருந்தார் என்று மனம் தாவிவிடும்.

உள்ளங்கையில் வண்ணச் சுண்ணக்கட்டிப் பொடியைப் பூசிக்கொண்டு முதல் மாணவரோடு கைகுலுக்குங்கள். அவர் இரண்டாமவரோடு, இரண்டாமவர் மூன்றாமவரோடு. பிறகு வழக்கம்போல வகுப்பு நடக்கட்டும். அரை மணி கழித்துப் பொடியைத் தேடச் சொல்லுங்கள். நீங்கள் தொடாத கதவுப்பிடியில் இருக்கும். உங்கள் அருகிலேயே வராத ஒருவரின் நோட்டில் இருக்கும். சில சமயம் முதலில் கைகுலுக்கியவரின் கையில் இருக்காது, துடைத்திருப்பார்.

இதற்கு மேல் 2012இல் கலிஃபோர்னியாவில் நடந்ததைச் சொல்லுங்கள். கொலையுண்டவரின் நகத்தில் கிடைத்த டிஎன்ஏ ஒருவரோடு பொருந்தியது. அவரைச் சிறையில் அடைத்தார்கள். ஆனால் கொலை நடந்த இரவு அவர் போதையில் மயங்கி மருத்துவமனையில் இருந்திருக்கிறார். அன்று மாலை அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிய அதே மருத்துவ உதவியாளர்கள்தான் சில மணி நேரம் கழித்துக் கொலை நடந்த வீட்டுக்கும் போனார்கள். டிஎன்ஏ அவருடையதே. ஆய்வகம் தவறே செய்யவில்லை. பல மாதம் கழித்துத்தான் அவர் வெளியே வந்தார்.

இங்கே பலகையில் மூன்று வரி எழுதுங்கள்: இது யாருடையது? இது எப்படி அங்கே வந்தது? அவர் குற்றம் செய்தாரா? முதல் கேள்விக்கு ஆய்வகம் பெரும்பாலும் பதில் சொல்லும். இரண்டாவதுக்குச் சில வேளை, தயக்கத்தோடு சொல்லும். மூன்றாவது நீதிமன்றத்தின் வேலை. முதல் கேள்விக்கான விடையை இரண்டாவதன் இடத்தில் உட்கார வைப்பதுதான் நான் பார்த்த வாதங்களில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

படி 5: சான்று கைமாறிய கதை

வழக்கறிஞர்கள் இதைச் செயின் ஆஃப் கஸ்டடி, அதாவது சான்று கைமாறும் சங்கிலி என்பார்கள். எடுத்தவர், பொதிந்தவர், முத்திரை வைத்தவர், கொண்டுபோனவர், வாங்கியவர், திறந்தவர் என்று ஒவ்வொரு கையும் நேரமும் பதிவாகியிருக்க வேண்டும். மாணவர்களை ஜோடியாகப் பிரித்து, ஒரு பேனாவைச் சான்றுப் பொருளாக வைத்து, ஒரு வாரம் கைமாற்றி, பதிவேடு எழுதச் சொல்லுங்கள். வார முடிவில் ஓட்டை இல்லாத பதிவேடு ஒன்றுகூட இருக்காது. பதிவேட்டில் ஓட்டை விழுவது எவ்வளவு இயல்பு என்று அவர்களுக்குப் புரியும். விடுபட்ட ஒவ்வொரு கையொப்பமும் சதிக்கு அடையாளம் இல்லை என்பதும் அதனாலேயே புரியும்.

பதிவேடு சுத்தமாக இருந்தும் தவறு நுழையலாம். ஜெர்மனியிலும் அக்கம்பக்க நாடுகளிலும் சுமார் 40 குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டிஎன்ஏ கிடைத்தது. ஹெயில்பிரான் நகரில் 2007இல் நடந்த காவலர் கொலையும் அதில் ஒன்று. யாரும் பார்த்திராத அந்தப் பெண்ணை வருடக்கணக்காகத் தேடினார்கள். 2009இல் உண்மை தெரிந்தது. மாதிரி எடுக்கப் பயன்படுத்திய பஞ்சுக்குச்சிகளைத் தயாரித்த இடத்தில் வேலை பார்த்த பெண்ணின் டிஎன்ஏ அது. குச்சிகளில் கிருமி நீக்கியிருந்தார்கள். கிருமி நீக்குவதால் டிஎன்ஏ போய்விடாது. சங்கிலியின் முதல் கண்ணிக்கும் முன்னால் என்ன இருந்தது என்று கேட்கப் பழக்குங்கள்.

படி 6: எண்கள். இங்கே நிதானமாக நில்லுங்கள்

சட்டம் படிக்க வந்த பலர் கணக்குக்குப் பயந்து வந்தவர்கள். அவர்களிடம் சூத்திரம் எழுதினால் கதவு மூடிக்கொள்ளும். தலைகளை எண்ணச் சொல்லுங்கள்.

20 லட்சம் பேர் வாழும் ஒரு நகரம். சம்பவ இடத்தில் கிடைத்த டிஎன்ஏ முழுமையாக இல்லை. ஒரு லட்சம் பேரில் ஒருவருக்குத் தற்செயலாகப் பொருந்தும். சந்தேக நபருக்கும் பொருந்துகிறது. "அப்படியானால் இவர் நிரபராதியாக இருக்க லட்சத்தில் ஒரு வாய்ப்புதான்" என்று ஒருவர் வாதிடுகிறார். சரியா?

எண்ணிப் பார்க்கட்டும். 20 லட்சத்தில் லட்சத்துக்கு ஒருவர் என்றால் தற்செயலாகப் பொருந்துபவர் ஏறத்தாழ 20 பேர். உண்மையில் தடயம் விட்டவரையும் சேர்த்தால் 21. டிஎன்ஏவைத் தவிர வேறு எந்தச் சான்றும் இல்லை என்றால் இவர் அந்த 21 பேரில் ஒருவர், அவ்வளவுதான். "நிரபராதி என்றால் பொருந்தும் வாய்ப்பு" வேறு, "பொருந்தினால் நிரபராதியாக இருக்கும் வாய்ப்பு" வேறு. முதல் எண்ணை இரண்டாவதாக மாற்றிச் சொல்வதை அரசுத் தரப்புப் பிழை என்பார்கள்.

உடனே ஒரு மாணவர் எழுந்து, "அப்படியென்றால் இந்தச் சான்று ஒன்றுக்கும் உதவாது" என்பார். அது எதிர்த்தரப்புப் பிழை. 20 லட்சத்தை 21 ஆகக் குறைத்த சான்று ஒன்றுக்கும் உதவாததா? அந்த 21 பேரில் அன்றிரவு அந்தத் தெருவில் இருந்தவர் எத்தனை பேர்? மற்றச் சான்றுகளோடு சேரும்போது அதன் எடை ஏறுகிறது. இரண்டு பிழையையும் ஒரே வகுப்பில் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டு போனவர் கற்காதவரைவிட ஆபத்தானவர்.

அடுத்தது பெருக்கல். இங்கிலாந்தில் இரண்டு கைக்குழந்தைகளை அடுத்தடுத்து இழந்த ஒரு தாய் மீது கொலை வழக்கு. அவர்களைப் போன்ற ஒரு குடும்பத்தில் காரணம் தெரியாத திடீர்ச் சாவு 8,543இல் ஒன்று. இரண்டு முறை நடக்க அதை அதாலேயே பெருக்கினால் 7.3 கோடியில் ஒன்று என்று மருத்துவ நிபுணர் சொன்னார். 1999இல் அந்தத் தாய் குற்றவாளி என்று தீர்ப்பு. ஒரே வீடு, ஒரே மரபு. முதல் சாவும் இரண்டாவதும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்று யார் சொன்னது? நாணயம் சுண்டுவதற்குப் பொருந்தும் பெருக்கல் ஒரு குடும்பத்துக்குப் பொருந்தாது. அந்த எண்ணுக்குப் புள்ளியியல் அடிப்படை இல்லை என்று ராயல் ஸ்டாட்டிஸ்டிகல் சொசைட்டி 2001இல் பகிரங்கமாகச் சொன்னது. இரண்டாவது குழந்தையின் நுண்ணுயிர்ச் சோதனை முடிவு எதிர்த்தரப்புக்குத் தரப்படவில்லை என்பதும் வெளியே வந்து, 2003இல் தண்டனை ரத்தானது. அந்தத் தாய் தொழிலால் வழக்கறிஞர். இதைச் சொல்லும்போது என் குரல் ஒவ்வொரு ஆண்டும் சற்றுத் தடுமாறும், மறைப்பதில்லை.

படி 7: பார்க்கிற கண்ணும் சாய்ந்திருக்கலாம்

மையொற்றியில் உங்கள் விரல்களை வைத்துத் தெளிவில்லாத ரேகைகள் சில தயாரித்துக்கொள்ளுங்கள். ஒரே ஜோடி ரேகையை இரண்டு உறைகளில் வையுங்கள். ஓர் உறையில் "குற்றம் சாட்டப்பட்டவர் ஒப்புக்கொண்டார்" என்று ஒரு துண்டுச் சீட்டு. மற்றதில் "அன்று அவர் வெளிநாட்டில் இருந்தார்" என்று ஒரு சீட்டு. வகுப்பை இரண்டாகப் பிரித்து, பொருந்துகிறதா என்று எழுதி வாங்குங்கள். விடைகளைப் பலகையில் எழுதும்போது யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

நிபுணர்களுக்கு இது நடக்காது என்று நினைப்பவர்களுக்கு மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பு. 2004 மார்ச்சில், குண்டை வெடிக்கத் தூண்டும் டெட்டனேட்டர்கள் இருந்த பையில் கிடைத்த ரேகை, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஒருவருடையது என்று எஃப்பிஐ ஆய்வாளர்கள் மூவர் சொன்னார்கள். நீதிமன்றம் நியமித்த தனி ஆய்வாளரும் ஆமோதித்தார். அந்த மனிதரும் வழக்கறிஞர்தான். இரண்டு வாரம் காவலில் இருந்தார். ஸ்பெயின் காவல்துறை அந்த ரேகை அல்ஜீரியர் ஒருவருடையது என்று கண்டுபிடித்த பிறகு விடுதலையானார். எஃப்பிஐ மன்னிப்புக் கேட்டது.

இதற்குப் பின் இட்டியல் டிரோர் என்ற ஆய்வாளரின் குழு ஒரு சோதனை செய்து 2006இல் வெளியிட்டது. அனுபவமிக்க ரேகை நிபுணர்கள் ஐந்து பேருக்கு, அவர்களே முன்பு பொருந்துகிறது என்று சொன்ன ரேகைகளையே கொடுத்து, இது மாட்ரிட் வழக்கில் தவறிப்போன ஜோடி என்று சொன்னார்கள். நான்கு பேர் தங்கள் பழைய முடிவை மாற்றினார்கள். ரேகை மாறவில்லை, காதில் விழுந்த செய்திதான் மாறியது. ஆகவே அறிக்கையைப் படிக்கும் வழக்கறிஞர் கேட்க வேண்டியது: ஆய்வாளருக்கு வழக்கைப் பற்றி என்னென்ன தெரிந்திருந்தது? சரிபார்த்தவருக்கு முதலாமவரின் முடிவு தெரியுமா?

படி 8: எல்லாத் துறைக்கும் ஒரே எடை இல்லை

இதை ஒரே வகுப்பில் வேகமாகக் கடக்கலாம். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக அமைப்பு 2009இல் வெளியிட்ட அறிக்கை, செல்லின் உட்கருவில் உள்ள டிஎன்ஏவின் ஆய்வைத் தவிர வேறு எந்த முறையும் தடயத்தைக் குறிப்பிட்ட ஒரு நபரோடு உயர்ந்த உறுதியோடு, மாறாமல் இணைக்கும் என்று கடுமையாக நிரூபிக்கப்படவில்லை என்றது. தோட்டாவின் ஈயக் கலவையை ஒப்பிடும் முறையை எஃப்பிஐ 2005இல் கைவிட்டது. கடித்த தடத்தை வைத்து ஆளைச் சொல்வதற்கு அடிப்படை இல்லை என்று 2016இல் அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு சொன்னது. தீ விசாரணையில், கண்ணாடியில் வலைபோல் விரிசல் விழுந்திருந்தால் எரிபொருள் ஊற்றியிருக்கிறார்கள் என்று பல காலம் நம்பினார்கள். சூடான கண்ணாடியில் தீயணைப்பு நீர் பட்டாலே அப்படி விரியும். கைப்பேசியில், கோபுரப் பதிவு ஒரு பகுதியைத்தான் காட்டும், நின்ற இடத்தைக் காட்டாது. போன் இருந்த இடமும் அதன் சொந்தக்காரர் இருந்த இடமும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

இவ்வளவும் கேட்ட பிறகு வகுப்பில் ஒரு நோய் வரும்: தடயவியலே பொய் என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். அதை வளர விடாதீர்கள். 1984இல் அலெக் ஜெஃப்ரீஸ் டிஎன்ஏ அடையாள முறையைக் கண்டுபிடித்தார். இங்கிலாந்தில் இரண்டு சிறுமிகளின் கொலையில் அது முதன்முதலாகக் குற்ற விசாரணைக்கு வந்தபோது, ஒரு கொலையை ஒப்புக்கொண்டிருந்த 17 வயது இளைஞனைத்தான் அது முதலில் விடுவித்தது. உண்மைக் குற்றவாளி 1988இல் தண்டனை பெற்றார். ஒரே சோதனை இரண்டையும் செய்தது. இந்தக் கதையை நான் வேண்டுமென்றே இந்த இடத்துக்காகப் பத்திரமாக வைத்திருப்பேன்.

படி 9: கூண்டில் உண்மையான ஆய்வாளரை ஏற்றுங்கள்

மாதிரி நீதிமன்றத்தில் மாணவரே நிபுணராக நடித்தால் பயன் பாதிதான். பணியிலோ ஓய்விலோ இருக்கும் ஆய்வாளர் ஒருவரை அழையுங்கள். பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு வருவார்கள். தாங்கள் சொன்னதை நீதிமன்றத்தில் யாரும் சரியாகப் புரிந்துகொள்வதில்லை என்ற வருத்தம் அவர்களுக்கும் உண்டு.

இரண்டு விதி வையுங்கள். ஒன்று, நிபுணரை அவமதிக்கும் கேள்விக்கு மதிப்பெண் கழியும். அவர் கடமைப்பட்டிருப்பது நீதிமன்றத்துக்கு, எந்தத் தரப்புக்கும் இல்லை. இரண்டு, ஒவ்வொரு கேள்வியும் அறிக்கையின் ஒரு குறிப்பிட்ட வரியைச் சுட்ட வேண்டும். "உங்கள் ஆய்வகம் தவறே செய்யாதா?" என்ற கேள்விக்கு ஒரு பயனும் இல்லை. "மூன்றாம் பத்தியில் 'ஒத்துப்போகிறது' என்கிறீர்கள், இதே அளவுக்கு ஒத்துப்போகும் வேறு பொருள்கள் உண்டா?" என்பது கதவைத் திறக்கும். முதல் விசாரணைக்கும் குறுக்கு விசாரணைக்கும் சம நேரம் கொடுங்கள். நல்ல சான்றை நீதிபதிக்குப் புரியும்படி வெளிக்கொண்டு வருவதும் ஒரு திறமை. மாணவர்கள் அதைச் சப்பென்று நினைப்பார்கள்.

படி 10: தேர்வு

மனப்பாடக் கேள்வி கேட்காதீர்கள். முன்பின் பார்த்திராத ஓர் அறிக்கையைக் கொடுத்து ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்: இது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை, வாதத்துக்கு முன் நான் கேட்டு வாங்கவேண்டிய மூன்று ஆவணங்கள் எவை. ஆய்வகத்தின் அங்கீகாரச் சான்று, ஆய்வாளரின் திறன் சோதனை முடிவு, கைமாறிய பதிவேடு என்று பல நல்ல விடைகள் வரும். ஆய்வாளர் வேலை செய்யும்போதே கைப்பட எழுதிய பணிக்குறிப்புகளைக் கேட்காத விடைத்தாளுக்கு மட்டும் நான் முழு மதிப்பெண் போடுவதில்லை. அறிக்கையில் வராமல் போன சோதனை ஏதாவது இருந்தால், அது அந்தக் குறிப்பில்தான் இருக்கும்.